பெட்டிக்குள் உருண்ட சிப்

2009 டிசம்பர். அமெரிக்கக் கடற்படைக்காக போயிங் உருவாக்கிக்கொண்டிருந்த பி-8ஏ பொசைடன் விமானம் ஒன்றில் உறைபனி உணர்கருவி வேலை செய்யவில்லை. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பிடிக்கும் விமானம் அது. 737 பயணிகள் விமானத்தை அடிப்படையாகக் கொண்டது. விமானத்தின் மேற்பரப்பில் பனி படிகிறதா என்று விமானிக்கு எச்சரிப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. கருவிப் பெட்டிக்குள் ஒரு சிப் தன் சாக்கெட்டிலிருந்து கழன்று விழுந்து, கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது.

கருவியைச் செய்து கொடுத்தது பிஏஇ சிஸ்டம்ஸ் என்ற பாதுகாப்புத் தளவாட நிறுவனம். அவர்கள் தோண்டத் தொடங்கியதும் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. காகிதத்தில் அந்த சிப் புத்தம் புதியது. உண்மையில் அது வேறெங்கோ ஒரு சர்க்யூட் போர்டில் உழைத்துத் தேய்ந்து, பிடுங்கப்பட்டு, மேல்பூச்சு பூசப்பட்டு, புதிது என்ற பெயரில் விற்கப்பட்ட பழைய சிப். அதே வழியில் வந்த மற்ற சிப்களும் வேறு பெட்டிகளில் உட்கார்ந்திருந்தன.

வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால், பிஏஇ வாங்கியது கலிஃபோர்னியாவிலிருந்த ஒரு நிறுவனத்திடம். அந்த நிறுவனம் ஃபுளோரிடாவிலிருந்த இன்னொன்றிடம் வாங்கியிருந்தது. ஃபுளோரிடாக்காரர்களுக்குச் சரக்கு வந்தது சீனாவின் ஷென்ஜென் நகரத்திலிருந்து. பணமும் அங்கிருந்த வங்கிக் கணக்குக்கே போயிருந்தது. மூன்று கை மாறி வந்த சிப் நான்காவது கையில் பறக்கும் கருவியாகிவிட்டது.

2010 ஜனவரியில் பிஏஇ இதை போயிங்கிடம் சொல்லிவிட்டது. போயிங் கடற்படையிடம் சொன்னது 2011 ஆகஸ்டில். அந்தச் செய்தி மிக அவசரம் என்ற குறிப்போடு போனது. அந்தப் பாகம் விமானத்தில் ஏறியிருக்கவே கூடாது, உடனே மாற்ற வேண்டும் என்றது. அதுவும் அமெரிக்க செனட்டின் ஆயுதப் படைகள் குழு இதைப் பற்றிக் கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகுதான். இடையில் 19 மாதங்கள்.

போலி மின்னணு பாகங்கள் என்றாலே எல்லோரும் நுண்ணோக்கி, எக்ஸ்ரே, அமிலச் சோதனை என்று பேசுகிறார்கள். நானும் இன்கமிங் மேசையில் உட்கார்ந்து வருகிற சரக்கைப் பிரித்துப் பார்க்கிறவன்தான். அந்தக் கருவிகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த நிகழ்வில் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த 19 மாதங்களில்தான். போலியைக் கண்டுபிடித்தாயிற்று, காரணமும் தெரிந்தாயிற்று. அதற்குப் பிறகும் அந்த சிப்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

முதலில், ஒரு பழைய சிப் எப்படிப் புதிதாகிறது என்று பார்த்துவிடலாம். செனட் குழுவின் விசாரணை 2011 நவம்பர் 8 அன்று பொதுவில் நடந்தது. அதில் விவரிக்கப்பட்ட வழி இதுதான்: உலகெங்குமிருந்து மின்னணுக் கழிவு சீனாவின் குவாங்டோங் மாகாணத்துக்கு வந்து சேர்கிறது. போர்டுகளைத் தீயில் காட்டி, ஈயப்பற்று உருகியதும் சிப்களைத் தட்டி உதிர்க்கிறார்கள். ஆற்று நீரில் கழுவி, நடைபாதையில் காயப்போடுகிறார்கள். காய்ந்ததும் ஒரே மாதிரி இருப்பவற்றைப் பிரித்தெடுத்து, மேலே இருக்கும் எழுத்தைத் தேய்த்து அழிக்கிறார்கள். தேய்த்த தழும்பை மறைக்கக் கறுப்புப் பூச்சு அடித்து, அதன் மேல் புது எண், புதுத் தேதி, சில நேரம் வேறு தரக் குறியீடே அச்சடிக்கிறார்கள். சிப்பின் உலோகக் கால்களை நிமிர்த்தி மறுபடி ஈயம் பூசி, புதுக் குழாயிலோ ரீலிலோ அடுக்கி விடுகிறார்கள். பார்வைக்குத் தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்தது போலவே இருக்கும்.

இந்தப் பாதையில் ஒவ்வொரு படியும் சிப்பின் உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறது. வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தீ அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு நிற்காது. சிப்பின் பிளாஸ்டிக் உடல் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தோடு அடுத்த முறை, சிப்பைப் போர்டில் பற்றவைக்கும் ரீஃப்ளோ அடுப்பில் போனால், உள்ளே நீராவி பொங்கி, பிளாஸ்டிக்கும் உள்ளிருக்கும் சிலிக்கான் துண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். பொரி பொரிவது போல என்று தொழிலில் சொல்வார்கள். நடைபாதையில் காயப்போட்டவர் மணிக்கட்டில் நிலைமின்சாரத்தைத் தடுக்கும் பட்டை கட்டியிருக்க மாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலைமின்சாரம் அடித்த சிப் உடனே சாக வேண்டும் என்பதில்லை. பாதி அடிபட்டு, சோதனைகளையெல்லாம் தேறி, எட்டு மாதம் கழித்து ஒரு குளிர்காலக் காலையில் நின்றுபோகலாம்.

மேசையில் இதை எப்படிப் பிடிக்கிறோம் என்று ஒரே ஒரு சிப்பை வைத்துக் காட்டுகிறேன். தொட்டுப் பார்ப்பதற்கு முன் படிக்க வேண்டும். சிப்பின் முதுகில் நான்கு இலக்கத் தேதிக் குறியீடு இருக்கும். 0832 என்றால் 2008ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். அந்த மாடலை உற்பத்தியாளர் 2006லேயே நிறுத்திவிட்டார் என்றால், சிப்பைத் திருப்பிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. ஒரே லாட் எண், அதாவது ஒரே உற்பத்தித் தொகுதியின் எண், போட்ட ரீலில் சிலவற்றில் ஒரு நாட்டின் பெயரும் சிலவற்றில் இன்னொரு நாட்டின் பெயரும் இருந்தால், அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது, சிப்பின் கால்களில் முதலாவது எது என்று காட்ட முதுகில் இருக்கும் சின்னக் குழி. அசல் சிப்பில் அந்தக் குழியின் அடிப்பகுதி வழவழப்பாக, விளிம்பு கூர்மையாக, எல்லா சிப்பிலும் ஒரே ஆழத்தில் இருக்கும், ஏனென்றால் அது அச்சிலேயே வார்க்கப்படுவது. முதுகைத் தேய்த்தவர் குழியின் ஆழத்தையும் சேர்த்துத் தேய்த்திருப்பார். பூச்சு அடித்தவர் குழியையும் சேர்த்து நிரப்பியிருப்பார். பக்கவாட்டில் சாய்த்து வெளிச்சம் விட்டால், ஒரு சிப்பில் குழி ஆழமாகவும் அடுத்ததில் மேலோட்டமாகவும் தெரியும். அதைப் பார்த்த நொடியில் வயிற்றைப் பிசையும். பல வருடம் ஆகியும் எனக்கு அது போகவில்லை.

பிறகு கால்கள். பல சிப்களில் காலுக்கு முலாம் பூசிய பிறகுதான் நுனியை வெட்டுவார்கள். அதனால் புது சிப்பின் கால் நுனியில் உள்ளே இருக்கும் செம்பு தெரியும். நுனிவரை ஈயம் மூடியிருந்தால், வெட்டிய பிறகு யாரோ முக்கியெடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அசட்டையாகப் பார்த்தால் மூடிய நுனிதான் சுத்தமாகத் தெரியும், அதுதான் நல்லது என்றும் தோன்றும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கடைசியாகப் பஞ்சுக் குச்சி. அசிட்டோனில் நனைத்து சிப்பின் முதுகில் தேய்த்தால், பூச்சு இருந்தால் பஞ்சு கறுப்பாகும்; அடியில் தேய்த்த கோடுகள் ஒரே திசையில் வரிவரியாகத் தெரியும். ஒரு காலத்தில் இந்த ஒரு சோதனையே பெரும்பாலான போலிகளைக் காட்டிக்கொடுத்தது. அதனாலேயே அசிட்டோனுக்கு அசையாத பூச்சுகள் வந்தன. அவற்றுக்குச் சூடாக்கிய, இன்னும் கடுமையான கரைப்பான்கள் தேவைப்பட்டன. தேய்ப்பதற்குப் பதிலாக நுண்துகளைக் காற்றில் வீசி எழுத்தை அழிக்கும் முறையும் வந்தது. அதில் கோடுகளே விழாது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்று இந்த ஓட்டம் போய்க்கொண்டே இருக்கிறது.

மேசையில் சந்தேகம் எழுந்தால் சோதனைச்சாலை. எக்ஸ்ரேயில் உள்ளிருக்கும் சிலிக்கான் துண்டின் அளவும் அதிலிருந்து கால்களுக்குப் போகும் மெல்லிய கம்பிகளின் அமைப்பும் தெரியும். ஒரே லாட்டில் இரண்டு விதமாக இருந்தால் கதை முடிந்தது. எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி காலின் முலாமில் ஈயம் உண்டா, தூய வெள்ளீயமா என்று சொல்லும். உடலை அழிக்கத் துணிந்தால், புகையும் நைட்ரிக் அமிலத்தைச் சொட்டி மேல் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடலாம். உள்ளே சிலிக்கானின் மேலேயே பல உற்பத்தியாளர்கள் தங்கள் சின்னத்தையும் வடிவமைத்த ஆண்டையும் பொறித்திருப்பார்கள். முதுகில் ஒரு பெயரும் வயிற்றில் வேறு பெயரும் இருப்பதை நேரில் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

பி-8ஏ விவகாரம் முள்ளாகக் குத்துவது இந்த இடத்தில்தான். அங்கே உள்ளிருந்த சிலிக்கான் அசல். செய்தவர் அசல் உற்பத்தியாளர். பொய் சொன்னது அதன் கடந்த காலம் மட்டுமே. இப்படிப்பட்ட சிப்பை மின்சோதனையில் போட்டால் பெரும்பாலும் தேறிவிடும். வேலை செய்கிற சிப்தானே, விட்டுவிடலாமே என்ற வாதம் எழுவதும் இதனால்தான். அசல் உற்பத்தியாளர்களின் பதில் ஒன்றுதான்: தீயில் காட்டிப் பிடுங்கிய சிப் இன்று இயங்கலாம், அதில் மீதி எத்தனை ஆயுள் இருக்கிறது, உள்ளே என்ன அடிபட்டிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

தரம் மாற்றி எழுதிய சிப்பின் கதையும் இப்படித்தான். சாதாரண வணிகத் தர சிப்புக்கு 0 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரைதான் உத்தரவாதம். ராணுவத் தரத்துக்கு மைனஸ் 55 முதல் 125 வரை. முதுகில் இருக்கும் ஓரிரு எழுத்துகளை மாற்றினால் விலை பல மடங்கு ஏறிவிடும். அறை வெப்பத்தில் சோதித்தால் இரண்டும் அக்கா தங்கை போல ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அதிக உயரத்தில் குளிர் ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

சரி, இவ்வளவு பெரிய நிறுவனங்கள் ஏன் மூன்றாம் கையிடம் போய் வாங்குகின்றன? பேராசை என்று ஒரு வார்த்தையில் முடிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விமானமும் மருத்துவக் கருவியும் ரயில் சிக்னலும் முப்பது, நாற்பது வருடம் ஓட வேண்டியவை. சிப் சந்தையோ சில வருடங்களிலேயே அடுத்த தலைமுறைக்குத் தாவிவிடும். உற்பத்தியாளர் கடைசியாக ஒருமுறை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு அனுப்புகிறார். அந்த வருட பட்ஜெட்டில் பணம் இல்லை, அல்லது மின்னஞ்சல் வேலையை விட்டுப் போனவரின் பெட்டியில் கிடக்கிறது. ஐந்து வருடம் கழித்து, நாற்பது ரூபாய் சிப் ஒன்று இல்லாமல் நாற்பது லட்ச ரூபாய் கருவி ஒன்று மேசையில் நிற்கிறது. அப்போது ஒரு இணைய அறிவிப்பில் அந்த எண் இருக்கிறது, இரண்டாயிரம் இருக்கிறது, நாளையே அனுப்புகிறோம் என்கிறார்கள். வாங்கும் பிரிவில் இருக்கிறவரின் அந்த மதியப் பொழுதை நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சந்தை எப்படிப்பட்டது என்று அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் சோதித்துப் பார்த்தது. இல்லாத நிறுவனம் ஒன்றின் பெயரில் இணையச் சந்தைகளில் சேர்ந்து ராணுவத் தர பாகங்களைக் கேட்டார்கள். 16 பாகங்கள் வாங்கினார்கள். 7 உற்பத்தி நின்றுபோன அல்லது அரிதான பாகங்கள். 5 பாகங்களுக்கு, உற்பத்தி நின்ற பிறகான தேதிக் குறியீட்டை வேண்டுமென்றே கேட்டார்கள். கேட்ட தேதியோடு வந்தன. மீதி 4, உலகில் எங்குமே இல்லாத, அவர்களே கற்பனை செய்த எண்கள். அவையும் வந்து சேர்ந்தன. 2012 பிப்ரவரியில் வெளியான அந்த அறிக்கையில் 16இல் ஒன்றுகூட அசல் என்று தேறவில்லை. இந்தத் துறையைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது அந்த 4 எண்களைப் பற்றித்தான். இல்லாத ஒன்றைக் கேட்டாலும் இருக்கிறது என்று சொல்லும் சந்தையில், இருப்பதைக் கேட்டு வாங்கியவர் கையில் என்ன கிடைத்திருக்கும்?

அதனால்தான் அனுபவசாலிகள் இன்கமிங் மேசையைக் கடைசி வேலியாகத்தான் வைக்கிறார்கள். விமானத் துறைக்கும் தர விதிகள் எழுதும் எஸ்ஏஇ அமைப்பு 2009இல் வெளியிட்ட ஏஎஸ்5553 விதிகளைப் படித்தால், கவனமெல்லாம் வாங்கும் முறையின் மேல் இருப்பது தெரியும். அசல் உற்பத்தியாளர், அவர் அங்கீகரித்த விநியோகஸ்தர், அசல் வடிவமைப்பை உரிமத்தோடு தொடர்ந்து செய்பவர் என்று வரிசை. அவர்களிடம் இல்லையென்று உறுதியான பிறகுதான் வெளியே போகலாம். போனால் யாரிடம், எந்தச் சோதனையோடு, யாருடைய கையெழுத்தில் என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். உற்பத்தியாளரின் அங்கீகாரம் இல்லாமல் விற்கும் சுதந்திர விநியோகஸ்தர்களுக்கு ஏஎஸ்6081, சோதனை முறைகளுக்கு ஏஎஸ்6171 என்று பின்னால் தனி விதிகள் வந்தன. எனக்குத் தெரிந்தவரை இந்த வேலையில் மிகத் திறமையானவர்கள் நுண்ணோக்கிக்கு முன்னால் இருப்பவர்கள் அல்லர். எந்த சிப் அடுத்த மூன்று வருடத்தில் நின்றுபோகும் என்று பட்டியலைப் பார்த்தே சொல்லி, முன்கூட்டியே வாங்கி ஈரம் படாத நைட்ரஜன் அலமாரியில் வைக்கச் சொல்லும், எப்போதும் யாரோடாவது வாதாடிக்கொண்டிருக்கும் அந்த ஒருவர்தான். அவர் பேச்சைக் கேட்ட நிறுவனத்தில் இன்கமிங் மேசைக்குச் சந்தேகச் சரக்கு வருவதே அபூர்வம்.

மறுபடியும் அந்த 19 மாதங்களுக்கு வருகிறேன். செனட்டர்கள் கார்ல் லெவினும் ஜான் மெக்கெய்னும் முன்னின்று நடத்திய அந்த செனட் விசாரணையின் அறிக்கை 2012 மே 21 அன்று வெளியானது. 2009, 2010 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பாதுகாப்புத் துறையின் வழங்கல் சங்கிலியில் சுமார் 1,800 சந்தேக நிகழ்வுகள். பாகங்களின் எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் மேல். நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்வுகளைத் தடம் பிடித்துப் போனதில் 70 சதவீதத்துக்கு மேல் சீனாவில் போய் முடிந்தன. அடுத்து வந்தவை பிரிட்டனும் கனடாவும். அவை பெரும்பாலும் கைமாற்றும் இடங்கள். நாளிதழ்கள் இந்த எண்களையே தலைப்பாக்கின. என்னை உலுக்கியது இன்னொரு வரி: அந்த 1,800இல் மிகப் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள், பாதுகாப்புத் துறைக்கோ காவல் அமைப்புகளுக்கோ தெரிவிக்கவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்பது இந்த வேலை பார்க்கிற யாருக்கும் புரியும். சொன்னால் வாடிக்கையாளர் பயந்து விலகுவார். சொன்னால் விற்றவர் அவதூறு வழக்குப் போடுவார். சோதனை தவறாக இருந்துவிட்டால் என்ற பயமும் உண்டு, அது நியாயமான பயமும்கூட. அசல் சிப்பை உற்பத்தியாளரே மறுமுத்திரை இட்ட நிகழ்வுகளும் இருக்கின்றன. எனவே அமைதியாகச் சரக்கைத் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது கண்ணியமான முடிவாகத் தெரியும். திருப்பிப் போன சரக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். விற்றவர் அதைக் குப்பையில் போடமாட்டார். அடுத்த வாரம், சோதனைக்கருவி இல்லாத ஒரு சின்ன நிறுவனத்துக்கு அது போய்விடும். நான் பிடித்த சிப் வேறு யாரோ ஒருவரின் சுவாசக் கருவியில் போய் உட்காரும்.

ஆகவே இந்தத் துறையில் ஒரு கண்டிப்பான வழக்கம் உருவாகியிருக்கிறது: சந்தேகச் சரக்கைத் திருப்பி அனுப்பாதே. பிரித்து, பையிலிட்டு, எண்ணி, பூட்டிய கூண்டில் வை. உற்பத்தியாளரிடம் கேள். தகவல் பரிமாற்ற அமைப்பில் பதிவு செய். அமெரிக்காவில் அரசும் தொழில்துறையும் சேர்ந்து நடத்தும் கிடெப் என்ற தகவல் தளம் இதற்கு உண்டு; 1995 முதல் இயங்கும் ஈஆர்ஏஐ என்ற தனியார் அமைப்பும் சந்தேகப் பாகங்களின் பட்டியலை உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறது. பி-8ஏ விவகாரம் வெடித்த சூட்டில், 2011 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதிச் சட்டத்தின் 818ஆம் பிரிவு, தெரிவிப்பதைச் சட்டமாகவே ஆக்கியது. போலி என்று தெரிந்தாலோ சந்தேகிக்கக் காரணம் இருந்தாலோ 60 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மாற்றும் செலவை அரசின் தலையில் கட்டக்கூடாது. நியாயமாகத் தெரிவித்தவர் மேல் அதற்காக வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்பும் கொடுத்தது. என் கணிப்பில் மூன்றில் கடைசியானதுதான் அதிகம் வேலை செய்தது. அபராதத்துக்குப் பயந்து வாய் திறந்தவர்களைவிட, வழக்குப் பயம் போனதால் வாய் திறந்தவர்களே அதிகம் என்று தோன்றுகிறது.

செலவுப் பிரிவு கசப்பானது, ஆனால் காரணமில்லாமல் வரவில்லை. அதே விசாரணையில் வெளிவந்த தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் நிகழ்வில், பயன்படுத்திய நினைவக சிப்கள் அதன் கணினிகளில் ஏறிவிட்டன. அவற்றை மாற்ற ஆன செலவு சுமார் 27 லட்சம் டாலர். ஒரு கோடியே 20 லட்சம் டாலர் ஏவுகணையின் நம்பகத்தன்மையை இரண்டு டாலர் பாகம் குலைப்பதை விரும்பவில்லை என்று அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு முகமையின் தலைவர் குழுவின் முன் சொன்னார்.

சில மாதங்களுக்கு முன் என் மேசைக்கு ஒரு ரீல் வந்தது. ஆவணங்கள் சுத்தம், சான்றிதழில் முத்திரை இருந்தது, அசிட்டோனில் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. குழிகளின் ஆழம் மட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பதினோரு சிப்களை அளந்தேன், நான்கு வேறு ஆழங்கள். சூடாக்கிய கரைப்பானில் ஒன்றை முக்கியதும் பழைய எழுத்து மெல்ல மேலே வந்தது: அதே மாடல், ஆறு வருடம் பழைய தேதி. விற்றவரிடமிருந்து அன்று மாலையே தொலைபேசி. குரலில் கோபம் இல்லை. "சார், தப்பு நடந்திருக்கலாம், நீங்க ரீலை அனுப்பிடுங்க, முழுப் பணமும் நாளைக்கே போட்டுடறோம்" என்றார். எங்கள் வாங்கும் பிரிவுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. உற்பத்தி வேறு நின்றுகொண்டிருந்தது. இரண்டு நாள் அலுவலகத்தில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் என் மேலாளர் பதிவுப் படிவத்தை எடுத்துவந்து, "நீங்களே எழுதுங்க, கையெழுத்து நான் போடறேன்" என்றார். ரீல் சிவப்பு நாடா ஒட்டிய பையில், பூட்டிய கூண்டின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. விற்றவர் இன்னும் வாரம் ஒருமுறை கூப்பிடுகிறார்.